பயணத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கருவி?

தீபாவளிக்கு ஊருக்குப் போகிற நேரம் நெருங்கினால் வீட்டில் ஒரு கேள்வி நம்மைத் தேடி வரும். "நீதான் என்ஜினியரிங் படிக்கிறியே, பிள்ளைக்கு வண்டியில பார்க்க நல்ல டேப்லெட் ஒண்ணு சொல்லேன்." அக்கா கேட்பார், அண்ணி கேட்பார், பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் கேட்பார். என்ஜினியரிங் படிக்காதவர்களும் தப்ப முடியாது. வீட்டில் இளையவர் என்றாலே போன், டேப்லெட் விஷயமெல்லாம் தெரிந்தவர் என்று கணக்கு.

நாமும் உடனே போனை எடுத்து விலை, திரை அளவு, ரேம் என்று தேட ஆரம்பிப்போம். அந்த வரிசை தலைகீழ் என்பதுதான் என் கருத்து. முதலில் பிள்ளையின் வயசைக் கேளுங்க. அடுத்து, எந்தப் பாதையில் எவ்வளவு நேரம் போறாங்கன்னு கேளுங்க. கருவி அதற்கு அப்புறம்தான். இப்படிப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் புது டேப்லெட்டே தேவைப்படாது.

வயசிலிருந்து தொடங்குவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இரண்டு வயது நிறையும்வரை உட்கார்ந்து திரை பார்க்கவே வேண்டாம் என்கிறது அது. இரண்டு முதல் நான்கு வயது வரை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. இப்போது பயணத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சாதாரண நாளில் நான்கு மணி நேரம். தீபாவளிக்கு முதல் நாள் கிளம்பினால் ஏழு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அதில் திரைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தாச்சு. மிச்ச நேரத்துக்கு என்ன வழி? உண்மையான கேள்வி அதுதான். கடையில் டேப்லெட் விற்கிறவர் அதைக் கேட்க மாட்டார்.

"ஒரு நாள்தானே, விடுங்கலா" என்பார்கள். ஒரு நாள் கூடிப் போவதால் பிள்ளை கெட்டுப் போய்விடாது, அது சரிதான். ஆனால் போகும்போது நான்கு மணி நேரம் கொடுத்துப் பழக்கினால், திரும்பும்போதும் அது கேட்கும். வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பாட்டு மேசையில் கேட்கும். அந்த நேரத்தில் கருவியைப் பிடுங்கி வைக்கிற வேலை, அதை வாங்கச் சொன்ன நமக்கா? பாவம், பிள்ளையின் அம்மாவுக்குத்தான்.

அடுத்து பாதை. வண்டி வளைந்து ஓடும்போது உள்காது அதை உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. மடியில் இருக்கிற திரையையே பார்க்கும் கண்ணோ, "எதுவும் அசையவில்லை" என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் தலைசுற்றலும் வாந்தியும் வருகின்றன. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது அரிது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் அதிகம். அதாவது, நாம் டேப்லெட் கொடுக்க நினைக்கிற அதே வயது. நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது பல பிள்ளைகள் சமாளித்துவிடும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் அந்த வளைவுப் பாதையில் மடியில் திரை வைத்தால், பிளாஸ்டிக் பையையும் தயாராக வைத்துக்கொள்ளுங்க. அங்கே கண் ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பார்க்க வேண்டும். அப்போது பிள்ளைக்கு வேலை கொடுக்க மிச்சம் இருப்பது காது.

அதனால் என் முதல் பரிந்துரை, காதுக்கான கருவி. வீட்டு அலமாரியில் கிடக்கும் ஒரு பழைய கைப்பேசி போதும். சிம் கார்டை எடுத்துவிட்டு, விமானப் பயன்முறையில் போட்டு, பாட்டும் கதையும் ஏற்றிவிட்டால் அது ஒலிப்பெட்டி ஆகிவிடும். விளம்பரம் வராது, பிள்ளை தெரியாமல் யாருக்கும் போன் போடாது, வழியில் சிக்னல் போனால் கதை நடுவில் நிற்காது. பழைய போனில் இயர்போன் செருகும் துளை இருக்கும் என்பது கூடுதல் வசதி. கம்பி ஹெட்போனுக்கு சார்ஜ் வேண்டாம்.

ஆனால் பழைய போனைக் கொடுக்கும் முன் அதன் பேட்டரியைப் பாருங்க. தட்டையான மேசையில் மல்லாத்தி வைத்து லேசாகச் சுற்றிவிடுங்க. பம்பரம் மாதிரி சுற்றினால் பின்பக்கம் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். திரை விளிம்பில் இடைவெளி தெரிந்தாலும் அப்படித்தான். அதை அழுத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க, வீட்டுக் குப்பையிலும் போடாதீங்க. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்க.

என்ன ஏற்றுவது? பாட்டு சுலபம். கதைக்கு ஒரு யோசனை: பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பாட்டிக்குப் போன் போட்டு, கதை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்க. ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் போதும். இப்படிப் பதிவான கதைகளில் நடுநடுவே "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?" என்று பாட்டி கேட்பார், சமையலறையில் விசில் சத்தம் வரும், பக்கத்தில் தாத்தா இருமுவார். அதையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டாம். பாட்டி கேட்கிற கேள்விக்குப் பின்சீட்டிலிருந்து பிள்ளை பதில் சொல்லும். எந்தக் காணொளிக்கும் அது அப்படிப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். "பிள்ளைகளுக்கானது, 85 டெசிபலுக்கு மேல் போகாது" என்று பெட்டியில் எழுதிய ஹெட்போன்கள் நிறைய விற்கின்றன. 85 என்றால் என்ன? நம் நாட்டில் வேலையிடச் சத்தத்துக்கான 2019ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாளின் எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பும் அதே 85 டெசிபல்தான். பிள்ளைகளின் காதுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வேறு: 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் சக்தி இரட்டிப்பாகும். அதனால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 78க்கு 20 மணி, 81க்கு 10 மணி, 84க்கு 5 மணி. 85இல் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பட்டர்வொர்த் போய்ச் சேர்வதற்குள் பிள்ளையின் ஒரு வாரக் கணக்கே முடிந்துவிடும். திரும்பி வருவதற்கு மிச்சமில்லை.

அதனால் சொந்தக் காரில் ஹெட்போனே வேண்டாம். கார் ஸ்பீக்கரில் கதையைப் போடுங்க, எல்லாரும் கேட்கட்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்க ஹெட்போன் தேவைதான். அங்கே காதுக்குள் செருகும் ரகம் வேண்டாம். காதை மூடும் ரகத்தை எடுங்க. வெளிச்சத்தம் குறைவாக உள்ளே போனால்தான் பிள்ளை சத்தத்தைக் கூட்டாது. போட்ட பிறகு ஒரு கை தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. திரும்பிப் பார்த்தால் சரி. திரும்பவில்லை என்றால் குறையுங்க.

காதுக்கு அடுத்து, கைக்கு ஒன்று. எழுதி அழிக்கும் எல்சிடி பலகைகளைப் பார்த்திருப்பீங்க. கறுப்புப் பலகையில் குச்சியால் கீறினால் வண்ணக் கோடு வரும், பொத்தானை அழுத்தினால் மறையும். நான் பார்த்தவரையில் சில ரிங்கிட்டுக்கு இதைவிட நல்ல பயணப் பொருள் இல்லை. உள்ளே இருப்பது அழுத்தத்தில் வடிவம் மாறும் திரவப் படிகம். கோடு அப்படியே நிற்க மின்சாரமே வேண்டாம். அழிக்கும்போது மட்டும் ஒரு சின்ன மின் துடிப்பு போகும். அதனால் ஒரு பொத்தான் பேட்டரி மாசக்கணக்கில் ஓடும்.

அந்தப் பொத்தான் பேட்டரிதான் இந்தக் கட்டுரையிலேயே நான் மிகவும் பயப்படுகிற பொருள். சிஆர்2032 ரகம் 20 மில்லிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட நம் 20 சென் காசு அளவு. சின்னப் பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்கே இருக்கும் ஈரத்தில் மின்சுற்று முழுமையாகி, எதிர்முனைப் பக்கம் காரம் உண்டாகி, சதையை அரிக்கும். இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் வந்துவிடலாம். பொம்மையை ஓட்ட முடியாத "செத்த" பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்னழுத்தம் மிச்சம் இருக்கும். பிள்ளை அழக்கூட அழாமல் இருக்கலாம். எச்சில் ஒழுகுவது, இருமல், சாப்பிட மறுப்பது இவ்வளவுதான் தெரியும். சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், வழியில் கிட்டத்தில் இருக்கிற மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்க. "பொத்தான் பேட்டரி விழுங்கியிருக்கலாம்" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்க. உடனே எக்ஸ்ரே எடுக்க அது உதவும்.

ஆகவே எல்சிடி பலகையோ, பாசார் மாலாமிலும் தைப்பூசக் கடைகளிலும் விற்கும் மினுக்கு விளக்குப் பொம்மையோ, வாங்கும் முன் திருப்பிப் பாருங்க. பேட்டரி மூடி ஸ்குரூவால் பூட்டியிருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அழகாக இருக்கிறதே என்று பிள்ளை அடம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும், ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு மணி நேரப் படம் வேண்டும் என்றால் வீட்டில் இருக்கிற டேப்லெட்டையே எடுங்க. படத்தை முதல் நாளே வீட்டு வைஃபையில் இறக்கிவிடுங்க. ஒரே செயலியை மட்டும் திறந்து பூட்டி வைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் உண்டு. அமைப்புகளில் தேடிப் போடுங்க. ஆனால் அதை எங்கே மாட்டுவது என்பதுதான் முக்கியம். நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கார் திடீரென நின்றால், கட்டப்படாத டேப்லெட் அதே வேகத்தில் முன்னே போகும். பள்ளி இயற்பியலிலேயே கணக்குப் போடலாம்: சுமார் 48 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய பதினைந்தாவது மாடியிலிருந்து, விழும் பொருளுக்கு வரும் வேகம் அது. அரைக் கிலோ கண்ணாடியும் உலோகமும், தம்பி. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். அதில் பிள்ளையைக் கட்டிவிட்டு, எதிரே ஒட்டும் பசையில் டேப்லெட்டைத் தொங்கவிடுவது என்ன கணக்கு? முன்சீட்டின் தலைசாய்வில் இரண்டு பக்கமும் வாரால் இறுகக் கட்டும் உறை வாங்குங்க. இறுகவில்லை என்றால், வண்டி ஓய்விடத்தில் நிற்கும்போது பார்க்கட்டும். சாப்பிட இறங்கும்போது கருவிகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்க; வெயிலில் நிற்கும் காரின் சூடு லித்தியம் பேட்டரிக்கு ஆகாது.

விமானப் பயணம் என்றால் பவர் பேங்க் பற்றிய கேள்வி வரும். விதி எளிது: கையில் எடுத்துச் செல்லும் பையில் மட்டும்தான், பெரிய பெட்டியில் போடக் கூடாது, 100 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும். மேலே 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று எழுதியிருந்தால், 20 ஆம்பியர்-ஹவரை 3.7 வோல்ட்டால் பெருக்குங்க, 74 வாட்-ஹவர் வரும். சரி. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. கவலை வேண்டாம். 10 அங்குல டேப்லெட்டில் சுமார் 30 வாட்-ஹவர் இருக்கும். இறக்கி வைத்த படம் ஓட 4 வாட் எடுத்தால் ஏழு மணி நேரம் ஓடும். சென்னைக்கு நான்கு மணி நேரம்தான்.

வகுப்பில் செய்து பார்க்க: வீட்டில் இருக்கும் பவர் பேங்க் ஒன்றைக் கொண்டு வந்து அதன் வாட்-ஹவரைக் கணக்கிடுங்க. எண் அழிந்து படிக்க முடியாத பவர் பேங்க்கை விமான நிலையத்தில் நிறுத்திவிடலாம், அதையும் கவனியுங்க. பிறகு ஆளுக்கொரு விளையாட்டுப் பொருளைத் திருப்பி, பேட்டரி மூடியை நகத்தால் திறக்க முடிகிறதா என்று பாருங்க. எத்தனை திறக்கின்றன என்று எண்ணி, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்க.