நான்காவது கிளிப்



பேட்டரி டவுன் ஆன காரை இன்னொரு காரின் பேட்டரியால் ஸ்டார்ட் செய்வது எப்படி என்று கேட்டால், "இதெல்லாம் ஒரு கேள்வியா? சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, அவ்வளவுதானே!" என்பீர்கள். போன வருடம் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்பிளான்ட் டிரெயினிங்கில் நடந்த ஒரு சம்பவம் என் வாயை அடைத்துவிட்டது. அதையும், அதற்குப் பின்னால் உள்ள பாடத்தையும் உங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

ஒரு பழைய கார். செல்ஃப் எடுக்கவில்லை. அரை மணி நேரம் ஃபாஸ்ட் சார்ஜில் போட்டும் 'டக் டக்' என்ற சத்தம்தான். வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். மெக்கானிக் அண்ணன் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் காரிலிருந்து கேபிள் கொடுக்க ஆரம்பித்தார். மூன்று கிளிப் மாட்டியாச்சு. "தம்பி, அந்தக் கறுப்பைக் கொடு" என்றார். கொடுத்தேன். டவுன் ஆன பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் வைத்தார். ஒரு ஸ்பார்க். அடுத்த நொடி அணுகுண்டு வெடி போட்ட மாதிரி சத்தம்! பேட்டரியின் மேல்மூடி பிளந்து ஆசிட் தெறித்தது. அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஃபோர்மேன் ஓடிவந்து அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய், இமையைப் பிரித்துப் பிடித்து, கால் மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் தண்ணீர் விட்டார். பிறகுதான் ஆஸ்பத்திரி. நல்லவேளை, கண் தப்பியது.

என்னை உறுத்துவது வேறொன்று. சார்ஜ் ஆகும் பேட்டரியில் ஹைட்ரஜன் வரும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். கையில் கிளிப்பை வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. படித்தது பேப்பரோடு போயிற்று!

ஏன் வெடித்தது?

கார் பேட்டரியில் 6 செல்கள். செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட் வீதம், முழு சார்ஜில் 12.6 வோல்ட். பாசிட்டிவ் தகட்டில் லெட் டைஆக்சைடு, நெகட்டிவ் தகட்டில் ஈயம், நடுவில் நீர்த்த கந்தக அமிலம். டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டு தகடுகளும் லெட் சல்ஃபேட்டாக மாறுகின்றன. அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது. ஹைட்ரோமீட்டரில் 1.270 காட்டியது 1.120 அளவுக்கு இறங்குவது இதனால்தான்.

சார்ஜ் செய்யும்போது இது தலைகீழாக நடக்கிறது. ஆனால் பழைய, சல்ஃபேட் ஏறிய பேட்டரிக்குள் அதிக கரன்ட்டைத் திணித்தால் தகடுகள் அதை ஏற்பதில்லை. மிச்ச கரன்ட் தண்ணீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. காற்றில் 4 சதவீதத்திலிருந்து சுமார் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும். அந்தக் கலவை வென்ட் துளை வழியாக வந்து டெர்மினலைச் சுற்றித்தான் நிற்கும். சர்க்யூட்டை மூடும் கடைசி இணைப்பில் ஸ்பார்க் வருவது இயல்பு. அந்த ஸ்பார்க்கை வாயு இருக்கும் இடத்திலேயே கொடுத்தால்?

சரியான முறை

முதலில் இரண்டும் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டிகளா என்று பாருங்கள். லாரியில் பெரும்பாலும் 24 வோல்ட். அதிலிருந்து காருக்குக் கொடுக்கவே கூடாது. இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டிலும் இக்னிஷன், லைட், ஃபேன் எல்லாம் ஆஃப். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். பேட்டரி விரிந்திருந்தாலோ, உப்பியிருந்தாலோ தொடாதீர்கள்.

1. முதல் சிவப்பு கிளிப்: டவுன் ஆன பேட்டரியின் பாசிட்டிவ்.
2. அடுத்த சிவப்பு: நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்.
3. கறுப்பு: நல்ல பேட்டரியின் நெகட்டிவ்.
4. கடைசிக் கறுப்பு: டவுன் ஆன காரின் என்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்பில், பேட்டரிக்கு எட்ட. பேட்டரியில் அல்ல!

பேட்டரி நெகட்டிவ் எப்படியும் என்ஜினோடு எர்த் ஆகித்தானே இருக்கிறது? கரன்ட் போகும் பாதை கெடவில்லை. ஸ்பார்க் வரும் இடம் மட்டும் மாறிவிட்டது. இவ்வளவுதான் சூட்சுமம்.

நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மற்றதற்குச் செல்ஃப் கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து செகண்டுக்கு மேல் வேண்டாம். இடையில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். எடுத்ததும் 4, 3, 2, 1 என்று தலைகீழ் வரிசையில் கழற்றவும். இப்போதைய கார்கள் சிலவற்றில் பேட்டரி டிக்கியில் இருக்கும். பானெட்டுக்குள் இதற்கென்றே டெர்மினல் கொடுத்திருப்பார்கள். ஹைபிரிட் வண்டி என்றால் கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

கேபிளும் ஓம் விதியும்

"ஏதோ ஒரு வயர் போதுமே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். போக 3 மீட்டர், வர 3 மீட்டர், ஆக 6 மீட்டர் செம்பு. வீட்டு வயரிங்கில் இழுக்கும் 4 சதுர மி.மீ. வயர் என்றால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.026 ஓம். வோல்டேஜ் டிராப் 150 × 0.026 = 3.9 வோல்ட்! 12-இல் எட்டுதான் மிஞ்சும். வயரும் சூடேறி உருகும். அதே நீளத்துக்கு 25 சதுர மி.மீ. கேபிள் என்றால் இழப்பு சுமார் 0.6 வோல்ட் மட்டுமே.

ஸ்டார்ட் ஆனால் முடிந்ததா?

இல்லை. நோய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது டெர்மினலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். குறைந்தால் பெல்ட் தளர்வா, ஆல்டர்னேட்டர் கோளாறா என்று தேடுங்கள். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியும் காரணமாக இருக்கலாம். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் என்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றும் பழைய வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் எகிறி டயோடும் கம்ப்யூட்டரும் போய்விடும்.

முடிவாக...

டிரெயினிங் முடியும் முன்பே அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "இருபது வருஷமா பேட்டரியிலதான் மாட்டுறேன் தம்பி. தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே!" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கிடைத்த உண்மையான டிரெயினிங். நண்பர்களே, நாளை நாமும் ஷாப் ஃப்ளோரில் நிற்கப்போகிறோம். அனுபவசாலிகள் முன்னால் சின்னப் பையன்களாகத்தான் நிற்போம். இருந்தாலும் புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடக்கும்போது, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

நான்காவது கிளிப் என்ஜின் பிளாக்கில். மறந்துவிடாதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்