அகழெலியும் ஆமணக்கெண்ணெயும்: ஒரு வீட்டுத்தோட்டப் பாடம்



வரிக்கணக்குப் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக, வசந்தகாலத்தில் ஆலய அன்னதான வரிசையில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான்: "புல்தரையை ஏதோ கிண்டிக்கொண்டு போகுது, என்ன செய்யலாம்?" கணக்காளனிடம் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் பிழைவிட்டுப் படித்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நியூ ஜேர்சி வீட்டில் அம்மா நட்ட செவ்வந்திகள் வேரறுந்து சாய்ந்தன. பக்கத்தில் மண்மேடுகள். கடையில் நச்சுத் தானியம் வாங்கிப் போட்டேன். மேடுகள் குறையவில்லை, இரண்டு குருவிகள்தாம் செத்துக் கிடந்தன. 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பம் எங்களுடையது. அம்மா குருவிகளைப் புதைத்துவிட்டுச் சொன்னா: "தம்பி, கலைக்கிறதெண்டால் கலை. கொல்லாதை."

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றைக் கீழே தருகிறேன்.

1. முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

அகழெலி: வட்டமான மண்மேடு, புல்லின் கீழே பாம்பு ஓடியதுபோல உயர்ந்த வரப்பு. முன்னங்கால்கள் மண்வெட்டிபோல அகன்றவை. இதன் உணவு மண்புழுவும் வண்டுப்புழுவும். செடியையோ தானியத்தையோ தேடி இது வருவதில்லை. ஆகவே நச்சுத் தானியம் இதற்குப் பயன்படாது. பெயரில் எலி இருந்தாலும், உயிரியலின்படி இது எலியின் வரிசையைச் சேர்ந்ததல்ல. மூஞ்சூறின் வரிசையைச் சேர்ந்தது. பிள்ளையாரின் வாகனத்துக்கு உறவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வோல்: குட்டை வாலுள்ள சிறு எலி. புல்லின் மேலே ஒற்றையடிப் பாதைகளும் சிறு வட்டத் துளைகளும் இருக்கும். வேர், கிழங்கு, மரப்பட்டை ஆகியவற்றைத் தின்னும். அகழெலி தோண்டிய சுரங்கத்தையும் பயன்படுத்தும். எங்கள் செவ்வந்தியைத் தின்றது இதுதான். பழி அகழெலிமேல் விழுந்தது.

கோஃபர்: மண்மேடு விசிறி அல்லது குதிரைலாட வடிவில் இருக்கும், துளை ஒரு பக்கமாக மண்ணால் அடைக்கப்பட்டிருக்கும். செடிகளை வேரோடு தின்னும். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் உண்டு. நியூ ஜேர்சியில் இல்லை.

2. அகழெலிக்கு ஆமணக்கெண்ணெய்

சிறுவயதில் பேதிக்குக் குடிக்கத் தந்து எங்களை ஓடவைத்த அதே எண்ணெய்தான்! 1990களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிழக்கு மாநிலங்களின் அகழெலியை இது விலக்குகிறது என்று கண்டார்கள்.

முதலில் வரப்பைக் காலால் மிதித்துவிடுங்கள். ஓரிரு நாளில் மறுபடி உயர்ந்தால் அது பாவனையில் உள்ள சுரங்கம். மூன்று பங்கு ஆமணக்கெண்ணெயுடன் ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவ சோப்பை நன்றாக அடித்துக் கலக்குங்கள். அதில் 4 மேசைக்கரண்டி எடுத்து ஒரு கலன் நீரில் கரைத்து, சுரங்கங்களின்மேல் ஊறும்படி ஊற்றுங்கள். வீட்டுப் பக்கத்தில் தொடங்கி எல்லையை நோக்கிப் போங்கள். அது ஓட ஒரு வழி வேண்டும். பெருமழைக்குப் பின் மறுபடி ஊற்ற வேண்டிவரும். கவனம்: எண்ணெய் மட்டுமே. ஆமணக்கு விதையும் பிண்ணாக்கும் நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் உள்ள வளவில் அவற்றைப் போடக்கூடாது.

கலிபோர்னியாவில் உள்ள உறவினர் கவனிக்க: கோஃபருக்கு இது பலன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை. அங்கே உயர்த்திய பாத்திகளின் அடியில் கம்பிவலை விரிப்பதே நல்லது.

3. புழுவைக் கொன்றால் அகழெலி போகுமா?

வண்டுப்புழுக்களில் பெயர்பெற்றது ஜப்பானிய வண்டின் புழு. அமெரிக்காவில் அந்த வண்டு முதன்முதலில் காணப்பட்டதே நமது நியூ ஜேர்சியின் ரிவர்டன் அருகில், 1916இல். ஆனால் அகழெலியின் முக்கிய உணவு மண்புழு. வண்டுப்புழுக்களை ஒழித்தாலும் அது தங்கிவிடலாம். புல்லுக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் விடாதிருப்பது செலவில்லாத வைத்தியம். ஈரம் உள்ள இடத்தில்தான் மண்புழு மேலே வரும்.

4. செய்யக்கூடாதவை

சூயிங்கம், கண்ணாடித் துண்டு, தலைமயிர், சுழலும் காற்றாடி எதுவும் பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை. கோடை வரட்சியில் அகழெலி தானாகவே ஆழத்துக்குப் போய்விடும். அப்போது "என் மருந்து வேலைசெய்தது" என்பது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. அந்துருண்டையைச் சுரங்கத்தில் போடுவது மண்ணைக் கெடுக்கும், சட்டப்படியும் குற்றம்.

வரவு செலவு

பொறிதான் மிக நிச்சயமான வழி என்று தோட்டக்கலை வல்லுநர் சொல்வர். அது கொல்லும் வழி. முடிவு உங்களுடையது. ஆனால் கணக்கைப் பாருங்கள். சிறிய வளவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு அகழெலிகளே இருக்கும். அவை வண்டுப்புழுவைத் தின்கின்றன, மண்ணுக்குக் காற்றூட்டுகின்றன. செலவுப் பக்கத்தில் சில மண்மேடுகள். வாரியால் ஐந்து நிமிட வேலை.

இப்போது எங்கள் செவ்வந்திப் பாத்தியைச் சுற்றிக் கம்பிவலை புதைத்திருக்கிறோம். அதற்கு வெளியே அகழெலி இன்னும் ஓடுகிறது. சென்ற நவராத்திரிக்கு ஆலயத்துக்கு வந்த பூக்களில் ஒரு கூடை அம்மாவுடையது.