ஊர்ப் பெயரும் வியாபாரியின் பொறுப்பும்
பிரெஞ்சு ஒயின் வியாபாரிகள் கற்ற பாடம் நமக்கும் உதவும்

பௌர்ணமி நாட்களில் சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை கிரிவலத்துக்கு வரும் வண்டிகள் நம் கீழ்பென்னாத்தூரைக் கடந்து போகின்றன. சாலையோரக் கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, இது கோவில்பட்டி கடலை மிட்டாய்தானா?" என்று ஒருவர் கேட்கிறார். "அசல் கோவில்பட்டி சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். மிட்டாய் எந்த ஊரில் செய்தது என்று நமக்கே தெரியாது. மொத்தக் கடையில் சொன்னார்கள், நாமும் சொன்னோம். கடலையும் நன்றாக இருக்கிறது, வெல்லமும் நன்றாக இருக்கிறது, பிறகென்ன என்று தோன்றும்.

ஆனால் வாடிக்கையாளர் நம்மிடம் கேட்டது மிட்டாயை மட்டும் அல்ல, ஊரையும் கேட்டார். அந்த ஊருக்காகக் கூடுதலாக இரண்டு ரூபாய் கொடுக்கவும் தயாராக இருந்தார். அப்படியானால் ஊர்ப் பெயரும் சரக்கின் ஒரு பகுதியே. எடையில் குறைப்பது எப்படித் தவறோ, அப்படியே ஊரில் பொய் சொல்வதும் தவறு. இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றவர்கள் பிரான்ஸ் நாட்டு ஒயின் வியாபாரிகள். ஒயின் நம் மளிகைக் கடையில் விற்கும் பொருள் அன்று. ஆனாலும் அவர்கள் பட்ட பாட்டை அறிந்துகொள்வது நமக்கு நல்லது.

கலப்படத்தில் தொடங்கிய கதை

1860-களில் பிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் புகுந்தது. சில பத்தாண்டுகளில் பெரும்பகுதி தோட்டங்கள் அழிந்தன. சரக்கு இல்லை, கேட்பவர் மட்டும் குறையவில்லை. உலர்ந்த திராட்சையை ஊறவைத்தும், சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தும் ஒயின் என்ற பெயரில் விற்றார்கள். எங்கோ விளைந்ததற்குப் பேர்பெற்ற ஊரின் சீட்டை ஒட்டினார்கள். மோசடியைத் தடுக்க 1905-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் 'இந்த ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்' என்ற கேள்விக்கு அது முழு விடை தரவில்லை.

ஷாம்பெயின் பகுதியில் இக்கேள்வி கலவரமாகவே வெடித்தது. 1910-இல் அங்கே விளைச்சல் ஏறக்குறைய முழுதும் பொய்த்தது. சில வியாபாரிகள் வெளியூர்ச் சரக்கைத் தருவித்து ஷாம்பெயின் என்று விற்பதாகக் குமுறிய விவசாயிகள் 1911 ஜனவரியில் வண்டிகளை மறித்துச் சரக்கை ஆற்றில் தள்ளினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஆய் என்ற ஊரில் வியாபாரிகளின் கிடங்குகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. படை வந்துதான் அமைதி திரும்பியது. ஊர்ப் பெயரில் பொய் சொன்னவர்கள் சிலர். நட்டமோ நேர்மையாக வியாபாரம் செய்தவர்களுக்கும் சேர்த்தே வந்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

ஐந்து விதிகள்

பின்னர் ஷாத்தோநெஃப்-து-பாப் என்ற ஊரில் பரோன் லெ ருவா என்ற வழக்கறிஞர் 1923-இல் விவசாயிகளைத் திரட்டித் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தார். அந்த வழியில் 1935 ஜூலை 30-இல் நாடு முழுமைக்கும் ஆணை வந்தது. 1936 மே மாதம் முதல் ஐந்து ஒயின்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. அவற்றுள் ஷாத்தோநெஃப்-து-பாப்பும் ஒன்று. ஓர் ஊர்ப் பெயரைச் சீசாவில் போட வேண்டுமானால் பின்வரும் ஐந்தும் பொருந்த வேண்டும்.

1. எல்லை: எந்த நிலத்தில் விளைந்தது என்பது வரைபடத்தில் குறிக்கப்படும். பக்கத்து வயலாக இருந்தாலும் கோட்டுக்கு வெளியே என்றால் பெயர் இல்லை. லெ ருவா தம் ஊருக்கு எல்லை வகுத்தபோது, லாவண்டரும் தைமும் சேர்ந்து வளரும் வறண்ட நிலமா என்பதையே அடையாளமாகக் கொண்டார்.

2. ரகம்: ஷப்லி என்றால் ஷார்தொனே என்னும் திராட்சை மட்டுமே. சிவப்பு போஜொலே என்றால் காமே. ஷாம்பெயினுக்குப் பெரும்பாலும் ஷார்தொனே, பினோ நுவார், மெனியே ஆகிய மூன்று. எந்த ரகம் என்று பல பிரெஞ்சுச் சீசாக்களில் எழுதியிருக்காது. ஊரைச் சொன்னாலே ரகம் அடங்கிவிடும்.

3. மகசூல்: ஆசைக்கு அளவு உண்டு. ஷாத்தோநெஃப்-து-பாப்பில் ஹெக்டேருக்கு 3,500 லிட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,400 லிட்டர் என்பது அடிப்படை வரம்பு. அதிகம் காய்த்தால் சாரம் குறையும் என்பது கணக்கு.

4. செய்முறை: ஷாம்பெயினுக்குத் திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம். சீசாவில் அடைத்தபின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஓர் ஆண்டின் பெயரில் விற்பதானால் 3 ஆண்டு.

5. சோதனை: தோட்டக் கணக்கு, சரக்குக் கணக்கு, சுவைச் சோதனை எல்லாம் உண்டு. தவறினால் ஊர்ப் பெயர் போய்விடும். சரக்கைச் சாதாரண ஒயினாகத்தான் விற்க முடியும்.

நம் நாட்டில்

இதே நோக்கத்தில் நம் நாட்டில் 1999-இல் புவிசார் குறியீடுச் சட்டம் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகம் சென்னை கிண்டியிலேயே உள்ளது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. ஷாம்பெயின், கோன்யாக், ஸ்காட்ச் விஸ்கி போன்ற வெளிநாட்டுப் பெயர்களும் இங்கே பதிவாகியுள்ளன. மராட்டியத்தின் நாசிக் பள்ளத்தாக்கு ஒயினும் பட்டியலில் உண்டு.

நம் மாவட்டத்தில் ஆரணிப் பட்டு இந்தப் பெருமையைப் பெற்றது. மளிகை, தின்பண்டக் கடைகளில் நாம் அன்றாடம் கையாளும் பொருள்களைப் பார்ப்போம். ஈரோடு மஞ்சள், கொடைக்கானல் மலைப்பூண்டு, பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவை 2019-இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இலும் பதிவாயின. ராமநாதபுரம் முண்டு மிளகாய், மணப்பாறை முறுக்கு, சேலம் ஜவ்வரிசி, மார்த்தாண்டம் தேன், கம்பம் பன்னீர் திராட்சை ஆகியவை 2023-இல் சேர்ந்தன. வெளி மாநிலச் சரக்கில் குண்டூர் சன்னம் மிளகாயும் பேடகி மிளகாயும் உண்டு.

கம்பம் பன்னீர் திராட்சை பிரெஞ்சு முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. எல்லை தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. ரகம் மஸ்கட் ஹாம்பர்க். பல இடங்களில் திராட்சை சில மாதங்களுக்கே வரும். கம்பத்து மண்ணிலும் தட்பவெப்பத்திலும் ஆண்டு முழுவதும் அறுவடை உண்டு. இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவரே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று அங்கே சொல்வதுண்டு.

நான்கு வகைப் பெயர்கள்

எல்லா ஊர்ப் பெயரும் ஒன்றல்ல. சரக்குக்கு வரும் பெயர்களை நான்காகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இராது.

முதலாவது, பதிவு பெற்ற ஊர்ப் பெயர். ஈரோடு மஞ்சள் போன்றவை.

இரண்டாவது, ரகப் பெயர். பொன்னி என்பது நெல் ரகம். எங்கே விளைந்தாலும் பொன்னிதான். ஆனால் "ஆரணி அரிசி" என்று கேட்டு வாங்குகிறார்களே, அது ஊர்ப் பெயர். ஆரணிப் பக்கம் விளைந்த நெல்லா, எங்கிருந்தோ வந்து ஆரணி ஆலையில் அரைபட்டதா என்று மூட்டை எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பாஸ்மதியோ ரகமும் எல்லையும் சேர்ந்தது. 1997-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று பாஸ்மதி வகைகளுக்குக் காப்புரிமை பெற்றபோது நம் நாடு எதிர்த்து வாதாடி, அதன் முக்கியக் கோரிக்கைகளை நீக்கச் செய்தது. 2016-இல் பாஸ்மதி இங்கே புவிசார் குறியீடு பெற்றது.

மூன்றாவது, ஊர்ப் பெயர் போல் இருந்து பொதுப் பெயராகிவிட்டவை. நம் பக்கத்து மல்லாட்டையையே பாருங்கள். மணிலாக்கொட்டை என்பதுதான் அப்படித் திரிந்தது. மணிலாவோ பிலிப்பைன்ஸ் தலைநகர். பயிரோ தென் அமெரிக்காவில் தோன்றியது. மைசூர் பருப்புக்கும் மைசூருக்கும் உறவில்லை. மசூர் என்ற வடநாட்டுச் சொல்லே அப்படி மாறியது. இப்பெயர்களில் யாரும் ஏமாறுவதில்லை. பொதுப் பெயராகிவிட்டதைப் பதிவு செய்யவும் முடியாது. எச்சரிக்கையும் இதில்தான் இருக்கிறது. கண்ட சரக்குக்கெல்லாம் கோவில்பட்டி என்று சொல்லிக்கொண்டே போனால், நாளை அந்தப் பெயரும் பொருளற்றுப் போகும். பிறகு அதற்காக யாரும் இரண்டு ரூபாய் கூடுதலாகத் தரமாட்டார்கள்.

நான்காவது, வணிகச் சின்னம். அது ஒரு நிறுவனத்தின் சொத்து, விற்கலாம், வாங்கலாம். புவிசார் குறியீட்டை யாருக்கும் விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. அது அந்த ஊர் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொது. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் அறிய வேண்டியவை

"அப்படியானால் கோவில்பட்டி மிட்டாய் விற்க நானும் பதிவு செய்ய வேண்டுமா?" என்று சிலர் அஞ்சலாம். தேவையில்லை. பதிவு பெற்ற உற்பத்தியாளரிடமிருந்து முறையாக வந்த சரக்கை வாங்கி விற்பதைச் சட்டம் மீறலாகக் கருதுவதில்லை. சரக்கின் தரத்தை நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். பொட்டலமிடுவோர், வாணிபம் செய்வோர் ஆகியோரையும் 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்குள் சட்டம் சேர்த்திருக்கிறது. ஆகவே விரும்பும் மொத்த வியாபாரிகள் பதிவுக்கு விண்ணப்பிக்கவும் வழியுண்டு.

அஞ்ச வேண்டியது போலிக்கு. பொய்யாக ஊர்ப் பெயரிடுவோருக்கும், அப்படிப் பெயரிட்ட சரக்கை விற்போருக்கும் சட்டத்தின் 39, 40-ஆம் பிரிவுகள் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கின்றன. பெயர்ப்பலகை, விளம்பரம், பில் ஆகியவற்றில் எழுதுவதும் இதில் அடங்கும். ஆனால் விற்பவர் தக்க எச்சரிக்கையோடு இருந்தார், சந்தேகிக்கக் காரணம் இல்லை, யாரிடம் வாங்கினார் என்ற விவரத்தைக் கேட்டவுடன் கொடுத்தார் என்று நிரூபித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பு கொள்முதல் பில்லில்தான் இருக்கிறது. எனவே:

• ஊர்ப் பெயருள்ள சரக்குக்கு, அந்த ஊர்ப் பெயரைக் குறிப்பிட்டே பில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

• பொட்டலத்தில் உற்பத்தியாளர் முகவரியைப் படியுங்கள். முகப்பில் ஓர் ஊரும் முகவரியில் வேறு மாவட்டமும் இருந்தால் விசாரியுங்கள்.

• சில்லறையாகப் பிரித்துக் கட்டும்போது ஈரோடு மஞ்சளையும் மற்ற மஞ்சளையும் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். கலந்தபின் அதற்கு ஊர் இல்லை.

• ஊர் தெரியாவிட்டால் "கடலை மிட்டாய்" என்று மட்டும் எழுதுங்கள். நல்ல சரக்குக்கு அதுவே போதும்.

"அண்ணே, இது கோவில்பட்டியா?" என்று அடுத்த பௌர்ணமியில் ஒருவர் கேட்டால், "இல்ல சார், நம்ம பக்கத்து மல்லாட்டையில செஞ்சது, சாப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் வாங்காமல் போகலாம். வாங்கிச் செல்பவர் அடுத்த முறை நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்பார். கோவில்பட்டிக்கும் கம்பத்துக்கும் பெயர் வந்த வழி அதுதான்.