பிரஷ்ய மன்னரின் பதக்கத்தை வைத்திருக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் வசிக்கிறேன். பழைய பிரஷ்ய அரசின் பதக்கங்களைச் சேர்த்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் 1914ஆம் ஆண்டு இரும்புச் சிலுவை ஒன்று வாங்கினேன். “இதெல்லாம் இங்கே தடை” என்கிறார் நண்பர். வைத்திருக்கலாமா? விழாக்களுக்கு அணியலாமா?

பதில்: தாராளமாக வைத்திருக்கலாம், அணியத்தான் கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதக்கச் சட்டப்படி, ஒரு பதக்கத்தை அணியும் உரிமை அது வழங்கப்பட்டவருக்கு மட்டுமே. மற்றவர் அணிந்தால் அபராதம்.

நண்பரின் பயத்துக்கும் காரணம் உண்டு. இரும்புச் சிலுவையை 1813இல் ஏற்படுத்தியவர் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்ஹெல்ம். 1870, 1914 போர்களின்போது அது மீண்டும் வழங்கப்பட்டது. 1939இல் ஹிட்லர் அதே சிலுவையின் நடுவில் நாஜிச் சின்னத்தைப் பதித்தார். உங்களுடையதை விளக்கடியில் பாருங்கள். மேலே கிரீடம், நடுவில் W என்ற எழுத்து, கீழே 1914 என்று இருந்தால் கவலையே வேண்டாம். 1939ஆம் ஆண்டுச் சிலுவையையும் வீட்டுப் பெட்டிக்குள் வைத்திருப்பது குற்றமல்ல. அதைப் பொதுவில் காட்டினால்தான் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவு வரும். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம். வரலாற்று ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் பெருமைக்காக முகநூலில் படம் போடுவது அதில் சேராது. விற்பனைப் படங்களில் வியாபாரிகள் அந்தச் சின்னத்தின்மேல் தாள் ஒட்டி மறைப்பது இதனால்தான்.

எனக்கு உண்மையான கவலை வேறு. சந்தையில் ரசீது வாங்கினீர்களா? திருட்டுப் பொருளை எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் உரிமை உங்களுக்கு வராது. குடிமைச் சட்டம் 935ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சட்டப்படி நடக்கும் பொது ஏலத்தில் வாங்கியது மட்டும் விலக்கு. மற்றபடி, நல்லெண்ணத்தோடு பத்தாண்டுகள் உங்கள் வசமே இருந்தால் உரிமை உங்களுடையதாகும். அதுவரை பறிகொடுத்த குடும்பம் கேட்டு வந்தால் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்; பணத்தை விற்றவரிடம் கேட்க வேண்டும். அவரை எங்கே தேடுவீர்கள்?

ஆகவே விற்றவரின் பெயர், முகவரி, தேதி, விலை, பொருளின் விவரம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பதக்கத்தோடு வழங்கல் சான்றிதழும் கிடைத்தால், காசுக்காக இரண்டையும் பிரித்து விற்காதீர்கள். யாருக்குக் கொடுத்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. வழக்கு என்று வந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.