ஜி.எம். வந்த பிறகும் ஏன் என்னிடமே வருகிறார்கள்?

கேள்வி: 20 வருடமாக நானே நடத்திய பனியன் கம்பெனிக்கு, நல்ல சம்பளத்தில் ஒரு ஜெனரல் மேனேஜர் போட்டிருக்கிறேன். பெரிய கம்பெனியில் இருந்தவர். ஆனாலும் நூல் வாங்குவது முதல் எல்லாவற்றுக்கும் என்னிடமே வருகிறார்கள். ஆள் சரியில்லையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: அவரை மாற்றுமுன் ஒன்று சொல்லுங்கள் ஐயா: செக்கில் இன்னும் யார் கையெழுத்து?

வந்தவருக்குச் சாமர்த்தியம் போதாது, அல்லது பழைய ஆட்களுக்கு முதலாளி மேல் பாசம் என்பார்கள். பாசம் இருக்கலாம். ஆனால் ஒரு டெய்லர் அட்வான்ஸ் கேட்கிறார், ஜி.எம். முடியாது என்கிறார். டெய்லர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க, "இந்த ஒரு தடவைதான்" என்று 2,000 ரூபாய் எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஜி.எம்.மின் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு என்பது ஷிப்ட் முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிறகு அவரிடம் போய் எதற்கு நேரத்தை வீணாக்குவது? விவரமான ஆட்கள்தான் உங்களிடம் வேலை பார்க்கிறார்கள்!

பெரிய இடத்திலும் இதே தலைவலி உண்டு. 2014 ஆகஸ்டில், நிறுவனர் அல்லாத முதல் தலைமைச் செயல் அதிகாரியாக இன்ஃபோசிஸுக்கு விஷால் சிக்கா வந்தார். பிறகு, நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி அங்கே நிர்வாகப் பொறுப்பு எதிலும் இல்லை. ஆனால் அவர் சொல்லுக்குக் கனம் இருந்தது. நிர்வாக நடைமுறை பற்றி அவர் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார். 2017 ஆகஸ்டில் சிக்கா விலகினார். கேள்விகள் நியாயமா என்பது தனி வழக்கு.

கூகுளில் 2001இல் எரிக் ஷ்மிட் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தபோது, நிறுவனர்கள் பேஜும் பிரின்னும் ஒதுங்கிக்கொள்ளவே இல்லை. பேஜுக்குத் தயாரிப்புகள், பிரின்னுக்குத் தொழில்நுட்பம், அன்றாட நிர்வாகம் ஷ்மிட்டுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பத்தாண்டு ஓடியது.

அப்படிப் பிரித்துக்கொள்ள உங்களுக்கு வேண்டியது அதிகார வரம்புப் பட்டியல். அதாவது, எந்த விஷயத்தில், எவ்வளவு தொகைவரை யார் முடிவெடுக்கலாம் என்று எழுதிய ஒரு தாள். நூல் கொள்முதல், அட்வான்ஸ், ஆள் எடுப்பது அவருக்கு. அந்தத் தொகைவரை செக் கையெழுத்தும் அவருக்கே. மெஷின் கடனும் புது பையரும் உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்த அட்வான்ஸ்காரரை ஜி.எம்.மிடமே திருப்பி அனுப்புங்கள். அவர் மறுத்தது தப்பென்று பட்டால், கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் மட்டும் சொல்லுங்கள். இப்படி ஆறு மாதம் நடந்தும் சரிப்படவில்லையென்றால், அப்போது ஆளைப் பற்றிப் பேசலாம்.