பொம்மைக்கும் முதுகு உண்டு



சென்ற கூட்டத்தில் மூன்று குழுக்கள் கொலு பொம்மைத் தொழிலுக்குக் கடன் கேட்டு மனு கொடுத்திருக்கின்றன. நல்ல தொழில்தான். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைப் பக்கத்து விளாச்சேரி என்று பொம்மைக்கே பேர்போன ஊர்கள் நம் மாநிலத்தில் இருக்கு. ஆனால் கடன் வாங்கும் முன்னால் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கு. நாங்கள் அதைக் கடன் வாங்கின பிறகுதான் கற்றுக்கொண்டோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் குழுவில் 12 பேர். உள்கடன் எடுத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பழைய பேப்பர், பெயிண்ட் எல்லாம் ஒரே நாளில் வாங்கிவிட்டோம். எங்களில் ஒருத்தர் அருமையாகக் கோலம் போடுவார். இடுப்பில் குடம் வைத்த பெண்ணைப் படமாக வரைந்தார். அதைப் பார்த்துக் குளத்து மண்ணில் பொம்மை பிடித்துக் காயவைத்தோம். முன்னால் பார்க்க லட்சணமா இருந்தது. திருப்பினால் முதுகே இல்லை, பலகை மாதிரி இருந்தது. சரி, கொலுவில் முதுகை யார் பார்க்கப் போறாங்க என்று விட்டுவிட்டோம்.

பிளாஸ்டர் ஊற்றி, இறுகின பிறகு அச்சைப் பிரித்தால் வரவே இல்லை. குடத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் பிளாஸ்டர் புகுந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இழுத்த இழுப்பில் பொம்மையின் கை ஒடிந்தது, அச்சும் உடைந்தது. மறுபடி செய்வதற்குள் ஆவணி பிறந்து மழையும் வந்துவிட்டது. அவசர அவசரமாக வார்த்த 36 பொம்மைகளில் 11தான் விற்கும்படி தேறியது. மற்றது விரிசல், கோணல், பூஞ்சை. அந்தக் கடனை அடைக்க இரண்டு நவராத்திரி ஆச்சு. நடுவில் இரண்டு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க.

எங்கே தப்பு? கோலம் தரையோடு படுத்திருக்கும், பொம்மை எழுந்து நிற்கும். அதற்கு முன், பின், இடம், வலம், மேல், கீழ் எல்லாம் உண்டு. நாங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆறு பக்கப் பொருளைச் செய்யப் போனோம்.

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. தட்டையான துணியை வெட்டி, டார்ட் பிடித்து, உடம்புக்குப் பொருந்துகிற ரவிக்கையாகத் தைக்கிறோமே, அது இதே வேலைதான். கொழுக்கட்டை அச்சும் அப்படித்தான். உள்ளே இருக்கிற குழி எல்லாம் வாய்ப்பக்கம் அகலமாகவும் அடிப்பக்கம் குறுகலாகவும் இருக்கும். அதனால்தான் கொழுக்கட்டை பிய்யாமல் வெளியே வருகிறது. உள்பக்கம் அகன்று வாய் குறுகி இருந்தால் ஒரு கொழுக்கட்டை முழுசா வருமா?

முதலில் அளவு. சிற்பிகள் முகத்தின் நீளத்தை ‘தாலம்’ என்ற ஓர் அளவாக வைத்து, உடம்பு முழுவதையும் அதை வைத்தே கணக்கிடுவார்கள். பிள்ளையாருக்கு ஐந்து தாலம், பெரிய தெய்வ உருவங்களுக்குப் பத்து தாலம் வரை போகும். நீங்களும் ஒரு குச்சியை முக நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பொம்மை எத்தனை குச்சி உயரம், தோள் எத்தனை குச்சி அகலம் என்று முதலிலேயே முடிவு செய்யணும்.

அடுத்தது அட்டை. பழைய அட்டைப்பெட்டி போதும், காசு செலவில்லை. பொம்மையின் முன்பக்க வடிவத்தை ஓர் அட்டையிலும் பக்கவாட்டு வடிவத்தை இன்னொன்றிலும் ஒரே உயரத்தில் வெட்டுங்கள். ஒன்றில் மேலிருந்து பாதி வரை, மற்றதில் கீழிருந்து பாதி வரை நடுவில் கீறி, குறுக்கே செருகினால் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். இந்த இடத்திலேயே முதுகு எவ்வளவு வளையணும், வயிறு எங்கே தள்ளணும் எல்லாம் தெரிந்துவிடும். நிற்காமல் சாய்ந்தால் பொம்மையும் சாயும். தஞ்சாவூர் சாய்ந்தாடும் பொம்மையைத் தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்கிறதே, காரணம் அதன் எடை எல்லாம் உருண்டையான அடிப்பாகத்தில் இருப்பதுதான். (2008-09ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.) குடம் ஏந்திய கையை வெளியே நீட்டினால், அடிப்பாகத்தை அந்தப் பக்கம் அகலப்படுத்தணும்.

பிறகு களிமண். ராத்திரி ஒரு விளக்கை முன்னால் வைத்து, சுவரில் விழும் நிழலைப் பார்த்துக்கொண்டே பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிழல் ஒரு பெண்ணாகத் தெரியணும். பலகையாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்துக்கு மண் போதவில்லை என்று அர்த்தம்.

இப்போது எங்களைக் கவிழ்த்த விஷயம். பொம்மையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். நேர் மேலே இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பக்கவாட்டில் அதிகமாகத் துருத்தும் இடத்தை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். அதுதான் அச்சை இரண்டாகப் பிரிக்கும் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிற குழி, சந்து எதுவோ அதில் அச்சு பிடித்துக்கொள்ளும். குப்புறப் போட்டு முதுகையும் இதேபோல் பாருங்கள். ஒளிந்த இடத்தை மண் வைத்து அடைக்கலாம். இல்லாவிட்டால் கையையும் குடத்தையும் தனி அச்சில் வார்த்துப் பிறகு ஒட்டலாம். நாங்கள் இப்போது ஒட்டுகிறோம்.

அச்சு ஊற்ற 1 கிலோ பிளாஸ்டருக்குச் சுமார் 700 மில்லி தண்ணீர். தண்ணீரில்தான் பொடியைத் தூவணும், பொடியில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். இரண்டு நிமிஷம் ஊறவிட்டு, நுரை வராமல் கிளறுங்கள். சில நிமிஷத்திலேயே இறுக ஆரம்பிக்கும், அதனால் எல்லாம் தயாராக இருக்கணும். கோட்டை ஒட்டி மண்சுவர் கட்டி, பொம்மைக்கு எண்ணெய் தடவி, முதல் பாதியை ஊற்றுங்கள். இறுகினதும் அதன் ஓரத்தில் சின்னக் குழிகள் தோண்டினால் இரண்டு பாதியும் இடம் மாறாமல் பொருந்தும். ஓரம் முழுக்க சோப்புக் கரைசலைக் கெட்டியாகப் பூசிவிட்டுத்தான் இரண்டாவது பாதி. மறந்தால் இரண்டும் ஒரே கல்லாக ஒட்டிக்கொள்ளும்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கையை அதற்குள் வைத்துக்கொண்டு இருக்கவே கூடாது. 2007ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி கைக்கு அச்செடுக்க வாளிக்குள் கையை விட்டு, எடுக்க முடியாமல் வெந்து, பெரும்பாலான விரல்களை இழந்தார். பொடி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். மீந்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அங்கேயும் இறுகிவிடும்.

காகிதக்கூழுக்குப் பேப்பரைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, மரவள்ளி மாவுப் பசையும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசையணும். பூஞ்சையும் பூச்சியும் வராமல் பசையில் சிறிதளவு மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். சமையல் பாத்திரம் வேண்டாம், இரும்பும் அலுமினியமும் வேண்டவே வேண்டாம், அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.

கூழை அச்சில் கால் அங்குலக் கனத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்துங்கள். முகத்தில் ஆரம்பிக்கணும். மூக்கில் கனமாகவும் கன்னத்தில் மெல்லிசாகவும் வைத்தால் காயும்போது ஒன்று சுருங்கும், ஒன்று இழுக்கும். எங்கள் விரிசல் எல்லாம் அப்படி வந்ததுதான். முதலில் நிழலில் காற்றாட உலர்த்தி, பிறகுதான் வெயில். பெயிண்ட் வேலை கடைசி. அதை அனுபவம் சொல்லிக்கொடுக்கும்.

பிள்ளையார் சதுர்த்திக்கும் செய்யலாமே என்று சிலர் கேட்டீர்கள். அச்சு பிளாஸ்டரில் இருக்கலாம், பிள்ளையார் பிளாஸ்டரில் இருக்கக்கூடாது. நீர்நிலையில் கரைக்கும் சிலைகளை மண் போன்ற இயற்கையான பொருளில்தான் செய்யணும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கு.

நவராத்திரி புரட்டாசியில். அதனால் அச்சு வேலையைச் சித்திரையிலேயே முடித்து, வெயில் இருக்கும்போதே பொம்மையைக் காயவைத்துவிடணும். கடன் மனு கொடுத்த மூன்று குழுக்களிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அச்சில் வார்த்து நன்றாகக் காய்ந்த ஒரே ஒரு பொம்மையை, பெயிண்ட் அடிக்காமல், அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எல்லோருமாகத் திருப்பிப் பார்ப்போம். எங்கள் பலகைப் பொம்மையையும் எடுத்து வருகிறோம், கை ஒடிந்ததுதான், பத்திரமா வைத்திருக்கோம்.