மடித்து வைக்கும் ரயில் பாதை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தது ஹார்ன்பி டப்ளோ பொம்மை ரயில் செட்தான். நடுவில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் ஓடுவதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ தொழிற்சாலை 1938-இல் இந்த வகையை வெளியிட்டது. 1959-இல் இரண்டு தண்டவாள முறைக்கு மாறத் தொடங்கினார்கள்.

நீ செய்யப்போகும் மடிப்புப் பலகைக்குத் தகுந்தபடி தண்டவாளத்தை அறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே கூடாது. இந்த வகைத் தண்டவாளம் இப்போது யாரும் செய்வதில்லை. அதோடு, நடுத் தண்டவாளத்தில்தான் மின்சாரம் போகிறது. ஓரத் தண்டவாளங்களும் அடித்தகடும் அது திரும்பி வரும் வழி. அறுத்த இடத்தில் நடுத் தண்டவாளம் தகட்டில் உரசினால் போதும், ஷார்ட் ஆகிவிடும். தண்டவாளத்தின் அளவுக்குப் பலகையைச் செய், கண்ணம்மா.

வளைவுத் துண்டுகள் 8 சேர்ந்தால் 15 அங்குல ஆரத்தில் ஒரு முழு வட்டம். அதை இரண்டாகப் பிரித்து, இடையில் இருபுறமும் பதினொன்றரை அங்குல நேர்த்துண்டு ஒன்றின் நீளத்தைச் சேர்த்தால் முட்டை வடிவப் பாதை. இதற்கு 40 அங்குல நீளம், 24 அங்குல அகலத்தில் இரண்டு பலகைகள் தாராளம். மடிப்பு, நேர்ப்பாதையின் நடுவில் வரும். அங்கே முழு நேர்த்துண்டைப் போடாதே. அரைத் துண்டுகளும் உண்டு. பக்கத்துக்கு இரண்டாக நான்கு, பழையதாகத் தேடி வாங்கிக்கொள். இரண்டு துண்டுகள் சேரும் மூட்டும் பலகையின் மடிப்பும் ஒரே கோட்டில் அமைந்துவிடும்.

பலகைக்கு 6 மி.மீ. பிளைவுட் போதும். அடியில் 2 அங்குல உயரச் சட்டம் அடித்து, குறுக்கே அடிக்கொரு கட்டை கொடு. கனமான பிளைவுட் வாங்கினால் உன்னால் தனியாகத் தூக்க முடியாது. மேலே மெல்லிய கம்பளித் துணி ஒட்டு. இல்லாவிட்டால் தகரப் பாதையின் சத்தம் கீழ் வீடுவரை கேட்கும்.

இனிக் கீல். பொறுமையாகப் படி, முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. கீலைப் பலகையின் மேற்பரப்பிலேயே வைத்தால் தண்டவாளம் கீலுக்கு மேலே நிற்கும். மடிக்கும்போது முனைகள் ஒன்றையொன்று நசுக்கும். ஆகவே மடிப்புக் கோட்டின் இரு கோடிகளிலும், ஒவ்வொரு பலகையிலும் 3 அங்குல உயரக் கட்டை ஒன்றை ஒட்டித் திருகாணி போடு. கீலை அந்தக் கட்டைகளின் தலையில் பொருத்து. இப்போது கீலின் அச்சு தண்டவாளத்துக்கு மேலே இருக்கிறது. மடிக்கத் தொடங்கியதும் கீழே உள்ள முனைகள் முட்டாமல் விலகிப் போகும். திறக்கும்போது இன்னும் நன்மை: அச்சுக்கு நேர் கீழே உள்ள புள்ளி கடைசி நொடியில் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே நகரும். தண்டவாள இணைப்புகளும் அப்படித்தானே நீளவாக்கில் நுழைய வேண்டும்! அட்டையில் வெட்டி, குண்டூசி குத்திச் சுழற்றிப் பார், கண்ணுக்கே தெரியும். மடித்து முடித்தால் பலகைகளுக்கு நடுவே 6 அங்குல இடைவெளி கிடைக்கும். குட்டையான ஸ்டேஷனைக் கழற்றாமலே வைக்கலாம்.

கீல் ஆடக் கூடாது. மட்டமான கீல் ஒரு மயிரிழை ஆடினாலும் இணைப்பு வளைந்துவிடும். பித்தளைக் கீலாக வாங்கு. தண்டவாளத் தகட்டில் ஓட்டை போட வேண்டாம். இருபுறமும் சிறு மரத்துண்டுகளை ஒட்டி அவற்றுக்கு நடுவே உட்கார வை.

மின்சாரத்தில் மட்டும் பெரியப்பா கண்டிப்பு. பெட்டியில் உள்ள பழைய டிரான்ஸ்பார்மரைச் சுவர் பிளக்கில் செருகவே செருகாதே. அத்தனை பழைய ஒயரின் மேலுறை வெடித்திருக்கலாம். எஞ்சினுக்குத் தேவை 12 வோல்ட் நேர்மின்சாரம். புதுக் கன்ட்ரோலர் ஒன்றை அப்பாவிடம் வாங்கித் தரச் சொல். ஒரு பலகையிலிருந்து மற்றதற்கு மின்சாரம் போக மூட்டுகளையே நம்பாமல், அடியில் இரட்டை ஒயர் இழுத்து நடுவில் பிளக் வை. மடிக்கும்முன் அதைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் பலகைகளின் அடிப்பக்கம் ஏறக்குறைய ஓரடி விலகும்.

தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காதே; கீறலில் அழுக்கு இன்னும் சேரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். அதே துணி பெட்டிகளின் மேல் படக் கூடாது, தகரத்தில் அச்சிட்ட வண்ணம் போனால் போனதுதான். எஞ்சினின் அச்சுகளுக்கு ஊசிமுனையில் ஒரு சொட்டு எண்ணெய் விடு. மடிக்கும்முன் எஞ்சினையும் பெட்டிகளையும் எடுத்துத் தனியாக வை. எஞ்சினின் உடல் வார்ப்பு உலோகம். விழுந்தால் விளிம்பு உடையும்.

கட்டைகளில் கீலைத் திருகுவதற்கு முன், இரண்டு பலகைகளையும் தரையில் சேர்த்துப் பாதையைப் போட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா